சுமப்பவரின் வீட்டு அரிசி

யாங்கூன் ஆற்றங்கரையில் சரக்கு இறக்கி ஏற்றி அனுப்பும் தொழிலில் நான் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பின்னும், இடர் வந்தால் வேலை நின்றுவிடாமல் நடப்பதற்கான திட்டத்தை எப்படி எழுதுவது என்று கேட்டு, அதே தொழிலில் இருக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கையோடு கொண்டுவரும் படிவங்களை வாசிக்கும்போதெல்லாம் ஒரே குறையைத்தான் காண்கிறேன். கிடங்கு தீப்பிடித்தால் மாற்றுக் கிடங்கு எது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், ஒரு கப்பல்துறை மூடப்பட்டால் அடுத்து எந்தத் துறைக்குப் போவது, கணக்குகளின் நகல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். மூட்டையைத் தூக்க வேண்டியவர் அன்றைக்கு வருவாரா, வர வேண்டுமானால் அவருக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் படிவத்தில் இடம் இருக்காது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை விளக்குவதற்கு நான் எடுத்துக் காட்டுவது வணிகத்தை அல்ல, போரை. அதுவும் எங்கள் ஊரின் வழியாகவே வந்து போன இரண்டாம் உலகப் போரை.

படைக்கு அரிசியும் குண்டும் மருந்தும் போய்ச் சேரும் வழியும் ஒரு விநியோகச் சங்கிலிதான். ஆனால் வணிகச் சங்கிலியைப் புயலோ வெள்ளமோ தற்செயலாக அறுக்கிறது. படையின் சங்கிலியை எதிரி தேடிப் பார்த்து, மிக மெலிந்த கண்ணியைக் கண்டுபிடித்து அறுக்கிறான். வணிகத்தில் இடர் வரும்போது தேவை பெரும்பாலும் குறையும், வாடிக்கையாளரைச் சில நாள் பொறுக்கச் சொல்லலாம்; போரில் வழி அடைபடும் அதே வாரத்தில்தான் குண்டும் மருந்தும் பல மடங்கு தேவைப்படும், பொறுக்கச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. எந்தப் பணி நின்றால் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு கேடு விளையும், அதை எவ்வளவு காலத்துக்குள் மீட்டாக வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதைத் தொழில் தொடர்ச்சித் திட்டத்தின் அடிப்படையாக 2012-இல் வெளிவந்து 2019-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 22301 தரநிலை வைக்கிறது. படைக் கிடங்குகளை நடத்தியவர்கள் இந்தக் கணக்கை அந்தத் தரநிலைக்கு வெகு காலம் முன்பே போட்டிருக்கிறார்கள். சிலர் சரியாகப் போட்டார்கள், சிலர் தவறாகப் போட்டார்கள். தவறுக்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டவர்கள் அல்லர்.

இன்றைய நாளில் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆலைகளையும் கணினிகளையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் கருமருந்து செய்துவந்த ஒரே ஆலை லூசியானா மாநிலத்து மின்டன் ஊரில் இருந்தது; 2021 ஜூனில் அது வெடித்தபோது, படைக்கான பல குண்டு வகைகளுக்கு வேண்டிய ஒரு சாதாரணப் பொருளுக்கு உள்நாட்டில் வேறு இடம் இல்லாமல் போயிற்று. 2022 செப்டம்பரில் எஃப்-35 போர் விமானத்தின் ஒரு பாகத்திலிருந்த காந்தத்தின் உலோகக் கலவை சீனாவிலிருந்து வந்தது என்று தெரியவந்ததும் விமானங்களை ஒப்படைப்பதைச் சில வாரங்கள் நிறுத்தினார்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சு நிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுவதும் முடக்கியது. அமெரிக்கப் படையின் சரக்கையும் ஏற்றும் கப்பல் குழுமம் அது. அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்கு உயிரான தரவின் ஒரே நல்ல பிரதி கானா நாட்டு அலுவலகத்தில், மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒரு கணினியில் எஞ்சியிருந்தது. அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததால், ஒருவர் நைஜீரியா வரை எடுத்துச் சென்று விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கைமாற்றினார். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் கணினி தப்பியதைச் சொல்லி வியக்கிறார்கள். நான் பார்ப்பது, அதைக் கையில் சுமந்துகொண்டு விமானம் ஏறிய ஆளை.

இனி ரங்கூன், அதாவது இன்றைய யாங்கூன்.

1941-இல் பர்மாவின் கடல்வணிகத்தில் பெரும்பகுதி இந்த ஒரே துறைமுகத்தின் வழியாக நடந்தது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் மலிவாக வந்துபோனதால், இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையில் லாரி ஓடக்கூடிய சாலை ஒன்றுகூட இல்லை. சீனாவுக்கு அமெரிக்கா அனுப்பிய போர்த்தளவாடங்களும் இங்கேதான் இறங்கி, ரயிலில் லாஷியோவுக்குப் போய், அங்கிருந்து சுமார் 1,150 கிலோமீட்டர் நீளமான பர்மாச் சாலை வழியாகக் குன்மிங்குக்குச் சென்றன. ஆக, இரண்டு நாடுகளின் படைகள் ஒரே நுழைவாயிலை நம்பியிருந்தன. அந்த நுழைவாயிலில் சரக்கைத் தூக்கியவர்கள் தெலுங்கரும் ஒரியரும் தமிழரும். 1931 குடிக்கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகக் கூலி, ரிக்‌ஷா, சாக்கடைத் துப்புரவு, ரொட்டிக் கடை, படகு எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. மொகல் தெருவின் கிட்டங்கிகளில் செட்டியார்கள் கணக்கெழுதினார்கள் என்றால், அந்தக் கணக்கில் வந்த சரக்கைச் சுமந்தவர்கள் நாலைந்து தெரு தள்ளி, ஓர் அறைக்கு இருபது பேராக உறங்கியவர்கள்.

என் தாத்தா சூலே பகோடா கப்பல்துறையில் மேஸ்திரியாக இருந்தார். அவருக்குக் கீழே இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர். 1941 டிசம்பர் 23 காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, குண்டுவீச்சு எப்படியிருக்கும் என்று அறியாத மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்பா சொல்வார். அன்று ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் விமானங்கள் வந்தன. கப்பல்துறைக் கூலிகள் ஒதுங்குவதற்குப் போதிய பதுங்கிடம் கட்டப்படவில்லை. அவர்கள் குடும்பங்களுக்கு அரிசி எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இறந்தவனின் வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதும் தெரியாது. மூன்றாம் நாள் தாத்தாவின் குழுவில் ஆறு பேர் எஞ்சினார்கள். மற்றவர்கள் புரோம் சாலையில் வடக்கே நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே நடந்ததைக் கோழைத்தனம் என்று அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்த மனிதர்கள் தாங்கள் பார்த்த நிலைமையைச் சரியாகவே கணக்கிட்டார்கள். தவறாகக் கணக்கிட்டது திட்டம்தான். கப்பல் எத்தனை, கிரேன் எத்தனை, கிடங்கில் எத்தனை டன் கொள்ளும் என்று எண்ணிய அதிகாரம், கூலி ஆட்களை ஆற்றில் வரும் ஏற்றவற்றம் போல, தினமும் தானாக வரும் ஒன்றாக நினைத்துவிட்டது. அவர்கள் போன பிறகுதான் அவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது என்று தெரிந்தது. அப்போதும் செய்த முதல் காரியம், அவர்கள் திரும்பி வருவதற்கு வேண்டியதைக் கொடுப்பதல்ல. புரோமில் ஐராவதியைக் கடந்து மேற்கே போகவிடாமல், உடல்வலு உள்ள ஆண்களை மறித்து நிறுத்தியதுதான். சிலர் திரும்பினார்கள். பலர் காட்டுவழியைத் தேடிப் போனார்கள்.

படைக்கு இதனால் என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 21-இல் ஆங்கிலேயரின் ஏழாவது கவசப் படைப்பிரிவு தன் டாங்குகளோடு ரங்கூனில் வந்து இறங்கியது. இறக்குவதற்குத் துறைமுகத்தில் ஆட்கள் இல்லை. டாங்கு ஓட்டும் வீரர்களே கிரேனைப் பிடித்து இறக்கிக்கொண்டார்கள். சீனாவுக்கென்று வந்து குவிந்த தளவாடங்களில் கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோன பின்னும், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகளைத் தாங்களே அழிக்க வேண்டியதாயிற்று. மார்ச் 7-ஆம் நாள் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை தகர்க்கப்பட்டது. மறுநாள் ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள். ஏப்ரல் நடுவில் யேனாஞ்யாங் எண்ணெய்க் கிணறுகள், ஏப்ரல் 29-இல் லாஷியோ, ஏப்ரல் 30-இல் சகாயிங் பக்கத்து ஆவா பாலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவ்வளவு காலமும் சாலையில்லாத எல்லையை நோக்கி ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் நடந்தார்கள். தாங்கூப் கணவாயில் காலராவும், ஹூக்காங் பள்ளத்தாக்கில் மழையும் சேறும் பசியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. என் தாத்தா மட்டும் பாட்டியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பெகூ பக்கத்து உறவினர் வயலில் ஒதுங்கிக்கொண்டார். அதனால்தான் நாங்கள் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறோம்.

ஒரு துறைமுகத்தை இழந்ததற்கு ஈடுகட்ட என்ன செலவாயிற்று என்பதை எல்லாத் திட்டக்காரர்களும் ஒருமுறையேனும் கூட்டிப் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரலிலிருந்து இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டி விமானத்தில் சீனாவுக்குச் சரக்கு போயிற்று. போர் முடியும்வரை சுமார் 6,50,000 டன் கொண்டுபோனார்கள், அதற்குள் ஏறக்குறைய 600 விமானங்களை இழந்தார்கள். 1942 டிசம்பரில் அஸ்ஸாமின் லேடோவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கி, 1945 பிப்ரவரி 4-இல்தான் முதல் லாரி வரிசை குன்மிங்கை அடைந்தது. இந்தச் சாலை முடிவதற்குள் அதன் தேவையே போய்விடும் என்று சர்ச்சில் முன்பே கருதியிருந்தார். அவர் கணக்கு பெரிதும் பொய்க்கவில்லை. மாற்றுவழி இருக்கிறது என்று படிவத்தில் ஒரு வரி எழுதுவது எளிது. அந்த வழி திறக்க இரண்டு ஆண்டுகள் ஆகுமானால், அதை மாற்றுவழி என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி.

ஜப்பானியருக்கும் இதே சிக்கல் வந்தது. பர்மாவைப் பிடித்த பிறகு அவர்கள் படைக்கான சரக்கு சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாகக் கடலில் வர வேண்டியிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்த வழியை அறுத்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு அவர்கள் கண்ட மாற்றுவழி, சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான் போங்கிலிருந்து எங்கள் மோல்மேனுக்குத் தெற்கே இருக்கும் தம்புஜயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. தொடர்ச்சித் திட்டத்தின் மொழியில் சொன்னால், ஒரே வழியை நம்பியிருந்த சங்கிலிக்கு இரண்டாவது வழி ஒன்றை அமைத்தார்கள். காகிதத்தில் இதைவிடச் சரியான முடிவு கிடையாது. 1943 அக்டோபர் 17-இல் இருமுனைப் பாதைகளும் சந்தித்தன. ஐந்தாண்டுகளாகும் என்று கருதப்பட்ட வேலையைப் பதினாறு மாதங்களுக்குள் முடித்துவிட்டார்கள்.

எப்படி முடித்தார்கள் என்பதைத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்திருந்த மலாயாத் தோட்டங்களிலிருந்து, சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பின்னால் ஆள் போதாதபோது பிடித்துப்போனார்கள். பர்மியக் கிராமத்தார்களை ‘வியர்வைப் படை’ என்ற பெயரில் திரட்டினார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்திருக்கலாம் என்றும், இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள்; மதிப்பீடுதான், ஏனெனில் அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகளும் மருத்துவர்களும் கூடவே இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மலக்குழியைத் தள்ளி வெட்டு என்று சொல்லவும், அதைக் கண்காணிக்கவும் ஆள் இருந்தார்கள். தமிழ்த் தொழிலாளியோடு அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக அவர்கள் செத்தது அதனால்தான். தம்புஜயாத் கல்லறைத் தோட்டத்துக்கு நான் இருமுறை போயிருக்கிறேன். கைதிகளின் கல்வெட்டுகள் வரிசை வரிசையாகப் புல்வெளியில் இருக்கின்றன. பாதை போட்ட தமிழர்களுக்கு அங்கே ஒரு வரிசை கிடையாது.

அந்தப் பாதையால் அந்தப் படைக்கும் எண்ணிய பயன் விளையவில்லை. நாளொன்றுக்கு 3,000 டன் கொண்டுவரும் என்று தொடங்கிய கணக்கை, கட்டும்போதே 1,000 டன்னாகக் குறைத்தார்கள். விமானங்கள் பாலங்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு அதுவும் கூடவில்லை. தம்புஜயாத்தில் வந்திறங்கிய அரிசி அங்கிருந்து சிந்த்வின் ஆற்றுக்கும், ஆற்றைத் தாண்டி இந்திய எல்லையின் நாகா மலைகளுக்கும் போக வேண்டும். அந்தக் கடைசி வழிக்கு யாரிடமும் திட்டம் இல்லை.

1944 மார்ச்சில் ஜெனரல் முட்டாகுச்சி மூன்று டிவிஷன்களோடு சிந்த்வினைக் கடந்து இம்பாலையும் கொஹிமாவையும் நோக்கிப் போனபோது, வீரன் ஒவ்வொருவனும் ஏறத்தாழ மூன்று வார உணவை முதுகில் சுமந்தான். பின்னால் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப்போனார்கள். சுமையும் அவைதான், இறைச்சியும் அவைதான் என்பது ஏற்பாடு. மாடுகள் பல ஆற்றிலேயே போயின, மீதியில் பல மலைச்சரிவுகளில் விழுந்தன. மூன்று வாரத்துக்குள் இம்பால் விழுந்துவிடும், ஆங்கிலேயரின் கிடங்குகள் கைக்கு வந்துவிடும், அதைத் தின்று மேலே போகலாம் என்பதுதான் முழுத் திட்டமும். 1942-இல் அப்படித்தான் நடந்திருந்தது. ஒருமுறை கிடைத்த அதிர்ஷ்டத்தை விநியோகச் சங்கிலியின் ஒரு கண்ணியாக எழுதி வைத்தவர்களை நான் வணிகத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஹிமாவை முற்றுகையிட்ட 31-ஆம் டிவிஷனின் தலைவர் சாட்டோ, அரிசியும் குண்டும் வரும் என்று சொன்னது எதுவும் வராததால், மேலிடத்து ஆணையை மீறி ஜூன் தொடக்கத்தில் தம் ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார். கொஹிமாவிலிருந்து 74 கிலோமீட்டர் தூரத்தில், பல மைல் நீளத்துக்குப் பரந்து கிடந்த திமாப்பூர்க் கிடங்கு கடைசிவரை அவர்கள் கைக்கு எட்டவில்லை. அந்தப் படையெடுப்பில் ஏறத்தாழ 30,000 ஜப்பானியர் இறந்தார்கள். பெரும்பாலோர் பசியாலும் நோயாலும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் முனைக்குப் போன நம்மவர்களும் அதே மழையில், அதே காலி வயிற்றோடு திரும்பினார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நடந்ததை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தொடர்ச்சித் திட்டம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். 1942-இல் அதே மலைகளைத் தாண்டி நடந்து தோற்றுப்போன படையின் தலைவர்தான் ஜெனரல் ஸ்லிம். அவருடைய பதினான்காம் படையின் நிர்வாகத்தைப் பார்த்தவர் மேஜர் ஜெனரல் ஸ்னெல்லிங். சாலை அறுபடும் என்பதை அவர்கள் ஓர் ஐயமாக வைத்துக்கொள்ளவில்லை. அறுபட்ட நாளில் என்ன செய்வது என்பதையே அன்றாட வேலையாக வைத்துக்கொண்டார்கள். விமானத்திலிருந்து போடுவதற்கான பொதிகளை முன்கூட்டியே கட்டி அடுக்கினார்கள். 1944 பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானின் சின்ஸ்வேயாவில் ஒரு டிவிஷனின் நிர்வாகத் தளம் சூழப்பட்டபோது, அடுக்கி வைத்த அந்தப் பொதிகள்தான் வானிலிருந்து விழுந்தன. கணக்கர்களும் லாரி ஓட்டுநர்களும் கோவேறு கழுதை ஓட்டுபவர்களும் துப்பாக்கியைப் பிடித்து, ஏறத்தாழ மூன்று வாரம் அந்த இடத்தைக் காத்தார்கள். முன்பு இதே நிலையில் படை பின்வாங்கியிருக்கும். இந்த முறை உட்கார்ந்த இடத்திலேயே அரிசி வந்தது, அதனால் உட்கார்ந்திருந்தார்கள்.

பாராசூட் போதவில்லை, பட்டு கிடைக்கவில்லை. கல்கத்தாச் சணல் ஆலைக்காரர்களிடம் கேட்டுச் சணலிலேயே செய்தார்கள். பட்டுப் பாராசூட்டின் விலை இருபது பவுண்டு என்றால் இதற்கு ஒரு பவுண்டுக்குச் சற்றே மேல். மனிதன் அதில் குதிக்க முடியாது, ஆனால் அரிசிக்கும் குண்டுக்கும் அது போதும். இடர்க்காலத்தில் எது முழுத்தரத்தோடு இருக்க வேண்டும், எது முக்கால் தரத்தோடு இருந்தாலும் போதும் என்று பிரித்துத் தெரிந்துகொண்ட மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எங்கள் தொழிலில் இந்தப் பிரிப்பைச் செய்யாமல், எல்லாவற்றுக்கும் ஒரே தரம் கேட்டு, கடைசியில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள் பலர்.

நோயையும் அவர்கள் விநியோகக் கணக்கில் சேர்த்தார்கள். 1943-இல் அந்தப் படையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு, நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவைத் தடுக்கும் மெபக்ரின் மாத்திரையை ஒவ்வொருவனும் விழுங்குகிறானா என்று திடீர்ச் சோதனை நடந்தது. சோதனையில் தவறிய படைப்பிரிவுகளின் தலைவர்களை ஸ்லிம் வேலையை விட்டு நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. சுமப்பவனும் சுடுபவனும் படுத்துவிட்டால் எத்தனை டன் கொண்டுபோய்க் கொட்டினாலும் பயனில்லை என்பதை அந்தத் தலைமை உணர்ந்திருந்தது.

இம்பால் சூழப்பட்டதும், இமயமலை வழியில் ஓடிக்கொண்டிருந்த பெரிய விமானங்களில் இருபதை, அந்தப் பகுதி நேச நாட்டுப் படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் தம் பொறுப்பில் திருப்பிக்கொண்டுவந்து, அரக்கானில் இருந்த ஐந்தாம் டிவிஷனைப் பீரங்கியோடும் கோவேறு கழுதையோடும் இம்பாலில் இறக்கினார். ஜூன் 22-இல் கொஹிமாச் சாலை திறக்கும்வரை, உள்ளே இருந்தவர்களின் உணவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டு, வானத்தை நம்பியே இருந்தார்கள். ஏறத்தாழ 19,000 டன் சரக்கும் 12,000 ஆட்களும் விமானத்தில் உள்ளே வந்தன. இந்த எண்களை எல்லாப் புத்தகமும் சொல்லும். என் மனம் நிற்கும் எண் வேறு. திரும்பிப்போன விமானங்கள் காலியாகப் போகவில்லை. நோயாளிகளும் காயம்பட்டவர்களுமாக 13,000 பேரையும், அவர்களோடு சாலைக் கூலிகளும் துணைப்பணியாளர்களுமாகப் போரிடாத 43,000 பேரையும் ஏற்றிக்கொண்டு போயின.

வாய்களைக் குறைத்தால் அரிசி மிஞ்சும் என்பது இதற்குக் காரணம். அது ஒரு நிர்வாகக் கணக்கு, கருணை மட்டுமல்ல. ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே அதிகாரம் புரோமில் கூலிகளை மறித்து நிறுத்தியதையும், அவர்கள் இதே மலைகளில் நடந்து செத்ததையும் இதனோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 1942-இல் கூலியாளுக்குத் திட்டத்தில் இடமில்லை, துறைமுகம் நின்றது. 1944-இல் அவனை எங்கே வைப்பது, எப்போது வெளியேற்றுவது, எந்த விமானத்தில் ஏற்றுவது என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், முற்றுகை தாங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் அந்தப் படை கற்றுக்கொண்டவற்றில் இதுதான் முதன்மையானது, பாராசூட் இரண்டாவது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1944 டிசம்பர் 10 காலை, ஸ்லிம் நம்பியிருந்த 75 டகோட்டா விமானங்களை அமெரிக்கர்கள் சீனாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரவல் வாங்கிய பொருளின் மேல் கட்டிய திட்டத்தில் எப்போதும் உள்ள ஆபத்து அது. சிந்த்வின் ஆற்றங்கரைக் கலேவாவில் தேக்கை வெட்டிப் படகு கட்டினார்கள். தார் தோய்த்த சணல்துணியை விரித்துச் சாலை போட்டார்கள். அக்யாப், ராம்ரி தீவுகளைப் பிடித்து விமானத் தூரத்தைக் குறைத்தார்கள். எல்லாம் ஒரே இலக்குக்காக: மழைக்கு முன் ரங்கூன் துறைமுகம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் விமானத்தால் அத்தனை பேருக்கும் சோறு போட முடியாது. 1945 மே 3-இல் நகரம் கைக்கு வந்தது. மழை அந்த ஆண்டு முன்கூட்டியே தொடங்கிவிட்டிருந்தது.

இவற்றையெல்லாம் நான் இளமையில் வாசித்தவன். வாசித்தும் தெரிந்துகொள்ளாதவன் என்பது 2008 மே மாதம் எனக்குப் புரிந்தது. அப்போது நான் ஒரு சரக்கு நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளர். எங்களிடம் தொடர்ச்சித் திட்டம் இருந்தது. அதில் பாதியை எழுதியவன் நான். மே 2 இரவு நர்கிஸ் புயல் அடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் திட்டத்தில் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. ஜெனரேட்டர் ஓடியது, இரண்டாவது கிடங்கின் கூரை நின்றது, கணக்குகள் நனையவில்லை. மூன்று நாளில் வேலை தொடங்கும் என்று எழுதியிருந்தோம். மூன்றாம் நாள் நாற்பத்தாறு சுமையாட்களில் நான்கு பேர் வந்தார்கள். நிர்வாகம், வராதவர்களின் கூலியைப் பிடிப்பதாக அறிவித்தது. வெளியிலிருந்து இருமடங்குக் கூலிக்கு ஆள் தேடியது. ஒருவரும் கிடைக்கவில்லை. நான் அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

ஐந்தாம் நாள் சம்பான் பிடித்து ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போனேன். எங்கள் தலைமைச் சுமையாள் வீட்டின் கூரை பறந்துவிட்டிருந்தது. நான்கு மூங்கிலில் கட்டிய தார்ப்பாயின் கீழ் அவருடைய தாயும் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரு மூலையை அவர் கையால் பிடித்துக்கொண்டார். வேலைக்கு வரவில்லையா என்று நான் கேட்டேன். “வந்துடலாம் ஐயா. நான் வந்துட்டா இந்த மூலையை யார் புடிச்சுக்கிறது?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே என்னிடம் வழி கேட்டார். அந்த வாரத்தில் தகரத்தின் விலையும் அரிசியின் விலையும் அவருடைய கூலிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டிருந்தன. திரும்பிவந்து நிர்வாகத்தோடு இரண்டு நாள் வாதாடினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தகரமும் ஒரு மூட்டை அரிசியும் முன்பணமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் முப்பத்தொரு பேர் வந்தார்கள். மருந்தும் பால்மாவும் கிடங்கில் கிடந்த அந்த ஒன்பது நாட்களுக்கு ஜெனரேட்டர் நன்றாகவே ஓடியது.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில், 1942-இல் தகர்க்கப்பட்டு 1954-இல் திரும்பக் கட்டப்பட்ட அதே ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. பக்கத்திலிருந்த புதிய பாலம் நின்றது. மறுநாள் என்னிடம் தொலைபேசியில் பேசிய இளைஞர், சகாயிங்குக்கு அனுப்ப லாரி இருக்கிறது, டீசல் இருக்கிறது, போவதற்குப் பாலமும் இருக்கிறது, ஆனால் ஓட்டுநர்களில் பாதிப் பேரின் குடும்பம் மண்டலேயில் தெருவில் படுத்திருக்கிறது, அவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்றார். அவர்களின் வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அந்த நிறுவனத்தின் திட்டத்தை நாங்கள் இருவரும் அதன் பிறகு உட்கார்ந்து திரும்ப எழுதினோம். கிடங்கும் ஜெனரேட்டரும் இப்போது நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டன. முதல் பக்கத்தில் ஓட்டுநர், சுமையாள் ஒவ்வொருவரின் பெயரும், வீடு இருக்கும் பேட்டையும், வீட்டில் எத்தனை பேர், அதில் முதியவர் யார், நோயாளி யார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் எந்தப் படகுக்காரர் என்பதும் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில், இடர் வந்தால் முதல் இரண்டு நாள் யாரும் வேலைக்கு வர வேண்டியதில்லை, அந்த இரண்டு நாளுக்கும் கூலி உண்டு என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். இரண்டாவது கிடங்கின் மேட்டு மூலையில் வீட்டுக்கு ஒரு மூட்டை வீதம் அரிசியும், தகரக் கட்டுகளும், தார்ப்பாயும் தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய மூட்டைகளை ஆட்களுக்கே விலை குறைத்துக் கொடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். அடுத்த மாற்றத்தைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சுமையாட்களே கேட்டிருக்கிறார்கள்.